பின்வயலுக்கு வழி

கடவுளிடம் எதைக் கேட்டாலும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. மொட்டையாகக் "காப்பாத்துங்க" என்று சொன்னால் அவருக்குத் தோன்றியதைக் கட்டிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் நாம் நினைத்த அளவும் இருக்காது, நிறமும் இருக்காது. நான் கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் வளர்ந்தவள். கல்யாண வீட்டார் கும்பலாக வந்து அண்டாவைத் தட்டித் தட்டிப் பேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் பாடம் படித்தேன். அதனால் எங்கள் ஊர் அந்தோணியார் சிலை இருக்கிற குகைக் கெபி முன்னால் நின்று நான் வைத்த விண்ணப்பத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை.

"மதலைமுத்து வயலிலிருந்து இந்தத் தை மாசம் ஒரு மூட்டை நெல்கூட வீடு போய்ச் சேரக் கூடாது. சேராமல் பார்த்துக்கொண்டால் ஒன்பது செவ்வாய்க்கிழமை உப்பும் மிளகும் கொண்டுவந்து வைக்கிறேன்."

அந்தோணியார் பதில் சொல்லாமல் கையிலிருந்த குழந்தை யேசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காத வியாபாரி கெட்டிக்காரன். நானே பதின்மூன்றுக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

மதலைமுத்து என் கணவர் ரெமிஜியஸின் கூடப் பிறந்த அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அறுபத்து நாலு வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையில் துணைத் தலைவர். கோயிலில் பெஞ்சு போடுவதிலிருந்து திருவிழாக் கொடிக்குக் கயிறு வாங்குவது வரை அவர் தலையசைத்தால்தான் நடக்கும். வலங்கைமானுக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிற எங்கள் ஊரில் அவரை எதிர்த்துத் தும்மக்கூட ஆளில்லை.

போன சித்திரையில் என் கணவர் டிராக்டரில் வைக்கோல் லோடு கட்டும்போது கயிறு அறுந்து, லோடு உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "எவனோ மறந்து வச்சிட்டுப் போன சாமான் மாதிரி கெடக்குது ரெண்டும்" என்று தன் கால்களைப் பார்த்து அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியத்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட வரவில்லை.

ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா. சப்பரம் தெருத்தெருவாக வரும். நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் நின்று, ஒரு ஜெபம் சொல்லி, சப்பரத்து மெழுகுவத்தியில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகரும். எங்கள் ஊர் வழக்கம் அது. பக்கத்துத் தெரு பொன்னுத்தாயும் நானுமாக ரெமிஜியஸை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். மடியில் தட்டு, தட்டில் மாலையும் உப்பும் மிளகும்.

சப்பரம் வந்தது. முன்னால் விசில் ஊதிக்கொண்டு பெரியத்தான். எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் கையைத் தூக்கி, "போ, போ, தெரு குறுகலு, நிக்க எடமில்ல" என்றார். சப்பரம் போய்விட்டது. அதே தெருவில் மூன்று வீடு தள்ளி, டெங்குக் காய்ச்சலில் கிடந்த ஒரு மேஸ்திரிக்காக முந்தின வருஷம் கால் மணி நேரம் நின்ற சப்பரம்! மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோ கேட்டதற்கு, "கண்டபடி குடிச்சுட்டுத் திரிஞ்சவன ஆண்டவரே ஒக்கார வச்சிருக்காரு. நடுவுல நாம யாரு?" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாராம். ரெமிஜியஸ் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. குடித்த காலத்திலும் அவர் விழுந்ததில்லை.

என் கணவர் அந்தத் தட்டை மடியிலிருந்து எடுக்கவிடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்து நான் மனசுக்குள் பேசிக்கொண்டேன். ஏழு மாதம் பேசினேன். பாத்திரம் விளக்கும்போது, அவருக்கு முதுகுப் புண்ணில் மருந்து போடும்போது, பூசையில் சமாதானம் சொல்லிக் கும்பிடும்போதுகூட.

அப்புறம் தை பிறந்தது. ஆண்டவர் என் கையில் சாவியைக் கொடுத்தார் என்று நினைத்தேன்.

சாவி என்பது எங்கள் வயல். மாமனார் பாகம் பிரித்தபோது ரோட்டை ஒட்டின ஒன்பது மா எங்களுக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற ஒன்பது மா பெரியத்தானுக்கும் வந்தது. ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். பின்வயலுக்குப் பாதை கிடையாது. நடக்கிறவன் வரப்பில் போய்விடலாம். அறுவடை மெஷின் வரப்பில் போகாது. முன்வயலை அறுத்து, அந்தத் தாளின் மேல் ஏறித்தான் பின்வயலுக்கு மெஷின் போக முடியும். அவசரமென்றால் முன்வயல்காரர் மனம் வைத்து நடுவில் ஒரு பட்டை மட்டும் அறுத்து வழிவிடுவார். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் இதுதான் முறை. மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. நான் யோசித்தேன்.

மெஷின் பிடித்துத் தருகிறவர் வலங்கைமான் அன்சார். மெஷின்கள் சேலம் பக்கத்திலிருந்து வரும். ஒரு மெஷினுக்கு நாலு ஊர் காத்துக்கிடக்கும். தை மாசத்தில் எங்கள் பக்கம் அன்சாருக்கு இருக்கிற மரியாதை வேறெந்த அதிகாரிக்கும் கிடையாது. அவரே பைக்கில் வந்து இறங்கினார்.

"அக்கா, வண்டி வந்துடுச்சு. நாளைக்குக் காலைல ஒங்களுத அறுத்துட்டு, மதியானம் அப்படியே பின்னால எறங்கிடலாம்."

"கதிரு இன்னும் பச்சையா இருக்கே, பாய்."

அன்சார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வயல் தங்கமாக நின்றது.

"பச்சையா? எனக்கென்ன கண்ணு தெரியலயா?"

"அடியில பச்சை. ஒரு வாரம் போவட்டும்."

"அக்கா, ரேடியோவுல காத்தழுத்தம் அது இதுன்னு சொல்றான்."

"அவன் சொல்லி எந்த மழை பெஞ்சிருக்கு? வேற யாருக்காவது அறுங்க. பொன்னுத்தாயிக்கு அறுங்க, பாவம் குத்தகை வயல்."

அன்சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வியாபாரிக்கு வியாபாரியைத் தெரியும். "பின்னால யாரோட வயலு?" என்று மட்டும் கேட்டார். நான் வாசலைப் பெருக்க ஆரம்பித்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பெரியத்தான் எங்கள் கேட் முன்னால் வந்து நின்றார். ஜூனுக்கு அப்புறம் முதல் தடவை. உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

"மெஷின திருப்பி அனுப்பிட்டியாமே?"

"ஆமாங்க."

"நெல்லு கொட்டுது. காத்தடிச்சா உருவிக்கிட்டுப் போயிடும்."

"எங்க நெல்லுதான, கொட்டட்டும்."

"சரி, ஒன்னுத அறுக்க வேணாம். நடுவுல ஒரு பட்ட மட்டும் அறுத்து வழி விடு. அந்த நெல்லத் தனியா கொட்டி ஒன் வீட்டு வாசல்ல சேத்துடறேன்."

கேட்கிற மாதிரி அவர் கேட்கவில்லை. கோயிலில் பெஞ்சை நகர்த்தச் சொல்கிற அதே குரல். ஏழு மாதமாக நான் செதுக்கி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"தெரு குறுகலு, பெரியத்தான். நிக்க எடமில்ல."

அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! அண்டாவைத் தட்டிப் பார்த்து, ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட வாடிக்கையாளர் முன்னால் என் அப்பாவுக்கு ஒரு முகம் வரும். அந்த முகம். திரும்பிப் போனார். உள்ளே வந்து நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

"யாரு வாசல்ல?" என்று கேட்டார் ரெமிஜியஸ்.

"சிலிண்டர் போடற கேஸ்காரன்."

மழை வியாழக்கிழமை மதியம் ஆரம்பித்தது. முதலில் எனக்கு அது விண்ணப்பத்துக்குப் பதில் மாதிரிதான் தெரிந்தது. அந்தோணியார் பதின்மூன்று செவ்வாயை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் என் வயலும் சாய்ந்தது. நின்ற நெல் முழுக்கப் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த செலவுதான். சரக்கு கொஞ்சம் நனைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கடை முழுக்க முழுகட்டும் என்று நினைக்கிற ரகம் நான். மழை விட்டதும் நான் ரோட்டிலிருந்து மெஷினை இறக்கி என்னுடையதை அள்ளிக்கொள்வேன். அவர் முறை வருவதற்குள் அவருடையது பின்னாலேயே கிடந்து முளைத்திருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்கப் பெய்தது. சனிக்கிழமை விடியற்காலை விட்டது.

விடிந்ததும் பொன்னுத்தாய் வந்தாள். அவள் குத்தகை வயலைப் புதன்கிழமையே அறுத்து, நெல்லை வீட்டுக்குள் கொட்டி மூடியிருந்தாள். அந்தத் தெம்பு பேச்சில் தெரிந்தது.

"அக்கா, ஒங்க வயல்ல மொழங்காலுக்குத் தண்ணி நிக்குது. கதிரெல்லாம் உள்ள கெடக்கு. நாளைக்குப் பாத்தீங்கன்னா மொளப்பாரிதான்."

"வடிய வுட்டா போச்சு."

"எங்க வடிய வுடுவீங்க?"

"ஏன், மடையத் தொறந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினேன்.

பொன்னுத்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க்கா, இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல வாழுறீங்க. ஒங்க தண்ணி எந்த வழியா வடிவாய்க்காலுக்குப் போவுதுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. தண்ணீர் விவகாரம் எல்லாம் ரெமிஜியஸ் பார்த்துக்கொள்வார். கடைக்கு முன்வாசல்தான் முக்கியம் என்று வளர்ந்தவள் நான். கதவு என் பக்கம் இருக்கிறது என்று பூட்டைப் போட்டுவிட்டேன். ஆனால் வயலுக்குப் பின்வாசல் உண்டு. என் வயல் மேடு, அவர் வயல் பள்ளம், வடிவாய்க்கால் அதற்கும் பின்னால். என் தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் பெரியத்தான் வயல் வழியாகத்தான் போயாக வேண்டும். இரண்டு வயலுக்கும் நடுவரப்பில் இருக்கிற மடையில் அவர் நாலு கூடை மண்ணைப் போட்டால் போதும். அவருடையதில் இருக்கிற தண்ணீர் வடிந்துவிடும், என்னுடையது குளமாக நிற்கும். முன்வாசலைப் பூட்டிய என்னை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம்.

போட்டிருப்பார். நானாக இருந்தால் வியாழக்கிழமை சாயங்காலமே போட்டிருப்பேன்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மடைய அடச்சிருந்தா வெட்டித் தள்ளிட்டு வரேன். மனுசன் குறுக்க நின்னா அவரையும் சேத்து வெட்டறேன்" என்றேன். பொன்னுத்தாய், "நான் வரல சாமி" என்று ஒதுங்கிக்கொண்டாள். வழுக்குகிற வரப்பில் இரண்டு தடவை விழுந்தேன். விழுந்து எழும்போதெல்லாம் வாயில் வந்தது ஜெபம் இல்லை. அந்த ஒன்பது மா நெல்தான் எங்கள் வருஷத்துச் சோறு, அதுதான் என் கணவருடைய மருந்து. அதை நானே என் வயிற்றெரிச்சலில் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைக்க உறைக்க அவர்மேல் ஆத்திரம் இன்னும் ஏறியது. தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகு வருகிற ஆத்திரத்துக்குத் தனி ருசி.

நடுவரப்புக்குப் பக்கத்தில் போனபோது தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது.

பெரியத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. பனியனும் கைலியும், தலையில் ஒரு உரச் சாக்கு. மடை அடைபட்டிருக்கவில்லை. மடை போதவில்லை என்று பக்கத்திலேயே வரப்பை இரண்டு இடத்தில் வெட்டித் திறந்திருந்தார். என் வயல் தண்ணீர் மூன்று வாயாக அவர் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. படுத்துக்கிடந்த அவருடைய நெல் அந்தத் தண்ணீருக்குக் கீழே மஞ்சளாகக் கொஞ்சம் தெரிந்து, அப்புறம் தெரியாமல் போனது.

என் கையில் மண்வெட்டி இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

அவர் நிமிரவில்லை. "பாத்தா தெரியல? தண்ணி வடியுது."

"ஒங்க நெல்லு முழுவுது!"

"ஒன்னுது வடிஞ்சா என்னுது பின்னால வடியும். மொத மேடு, அப்புறம் பள்ளம். தண்ணிக்கு அதான் மொற."

"யாரு ஒங்கள வெட்டச் சொன்னா?"

"ஒம் புருஷன்."

"அவரா?"

"வெள்ளிக்கெழம போன் பண்ணான். ஏழு மாசமா பேசாதவன்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "'அண்ணே'ன்னான். அப்புறம், 'தண்ணி நிக்குதுண்ணே, என்னால எந்திரிக்க முடியல'ன்னான். அவ்வளவுதான்."

"கெஞ்சுனாரா?"

"கெஞ்சல. கேட்டான்." முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "திட்டியிருந்தா போன வைடான்னு வச்சிட்டிருப்பேன். போம்மா, நெஞ்சு வரைக்கும் நனஞ்சிருக்க."

வீட்டுக்கு வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. ரெமிஜியஸ் கட்டிலில் சாய்ந்துகொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு அவருக்குப் போன் பண்ணீங்க?"

"ஆண்டவரக் கேட்டு."

"வெளையாடாதீங்க!"

"நெசமாத்தான். படுத்திருக்கிறவனுக்குக் காது நல்லா கேக்கும் ஃபிளோரா. கேஸ்காரன் வந்து வழி கேட்டது, நீ குறுகலுன்னது, எல்லாம் கேட்டுச்சு. மழை வந்ததும் தண்ணி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். மம்பட்டி புடிக்க முடியுமா? முடியாது. நடக்க முடியுமா? முடியாது. 'ஒண்ணுமே முடியல ஆண்டவரே, நீங்களே பாத்துக்குங்க'ன்னேன். யாரோ ஒருத்தர அனுப்புவாருன்னு பாத்தா, அண்ணன் நம்பரத்தான் ஞாபகப்படுத்துனாரு. எனக்கு மட்டும் புடிச்சுதா?"

"நம்மள வாசல்ல வச்சு அவமானப்படுத்துன ஆளு!"

"ஆமா."

"ஒங்களுக்கு ரோஷமே இல்லையா?"

"இருந்துச்சு. மூணு தடவ நம்பரப் போட்டு மூணு தடவையும் கட் பண்ணேன். நாலாவது தடவ ரோஷம் அசந்துபோச்சு." தலையணையைச் சரிசெய்துகொண்டார். "நீ அந்தோணியார்கிட்ட பேரம் பேசுற. என்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா. அந்த வார்த்தைதான் என்னை மூன்று நாள் தின்றது. எங்கள் அப்பா கடையில் சும்மா என்று ஒன்று கிடையாது. ஒரு கரண்டியை இலவசமாகத் தூக்கிக் கொடுத்தால் அதன் விலை குடத்தில் ஏறியிருக்கும். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், அதனால் இருவரும் தலை நிமிர்ந்து போவார்கள். இப்போது நான் வெறுக்கிற மனிதர், நான் கேட்காமல், தன் நெல்லை மூழ்கடித்து என் வயலை வடித்துக் கொடுத்துவிட்டார். என் தண்ணீர் வடிந்தது. ஞாயிறும் திங்களும் வெயில் அடித்தது. என் நெல் தாள் காய்ந்து மெதுவாகத் தலையைத் தூக்கப் பார்த்தது. ஊரில் பொன்னுத்தாய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். கடைவீதியில், "பெரியவரு பெரியவருதான்" என்று என் காதுபடவே பேசினார்கள். சப்பரத்தை நிறுத்தாத மனிதர் பெரியவர், நான் சின்னவள்! எதைக் கேட்டேன், எதைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அந்தோணியாரிடம் போய்க் கேட்டேன். அவர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

நல்லவர் பட்டத்தைப் பெரியத்தானிடம் விட்டுவைப்பதாக இல்லை நான்.

புதன்கிழமை காலை அன்சார், சேற்றில் புதையாத பெல்ட் வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள்தான். சாஞ்ச நெல்லு, மெதுவாத்தான் ஓட்டணும். ஒங்களுது மட்டும்தான் முடியும். நாளைக்குக் காலைல வண்டி நன்னிலம் பக்கம் போயாகணும், வாக்குக் குடுத்துட்டேன்."

பெரியத்தானும் ரோட்டில் வந்து நின்றிருந்தார். என் நெல் அறுபடுவதைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்போல.

"பாய்," என்றேன் உரக்க. "என் வயல் நடுவுல ஒரு பட்ட மட்டும் அறுத்து நேரா பின்னால போங்க. பின்வயலுதான் மொத."

அன்சார் காதைத் தட்டிக்கொண்டார். பெரியத்தான் வேகமாக வந்தார்.

"என்னம்மா பேசற? மொத ஒன்னுத அறு."

"ஒங்களுதுதான் மொத."

"முன்வயல் மொத. அதான மொற?"

"மொறயப் பத்தி நீங்க பேசாதீங்க பெரியத்தான்."

அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, பாதி. ஒரு அஞ்சு மா அறுத்துட்டு வரட்டும்" என்றார்.

"முடியாது."

"மூணு மா."

"வழி மட்டும். பத்தடிப் பட்ட."

"என்னுது மொளச்சுப் போச்சும்மா. பாதிதான் தேறும். ஒன்னுது நல்ல நெல்லு."

"தேறுற பாதிய அறுங்க."

"அடம் புடிக்காத ஃபிளோரா! நாளைக்கு மழை வந்தா ஒன்னுது அத்தனையும் போயிடும்."

"போவட்டும். எனக்காக நீங்க முழுவுனீங்க, ஒங்களுக்காக நான் முழுவறேன். நீங்க மட்டும் நல்லவரா இருந்துட முடியாது."

அன்சார் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "யா அல்லா! எனக்கு மொத அறு, எனக்கு மொத அறுன்னு அடிச்சுக்குவாங்க, பாத்திருக்கேன். அடுத்தவனுக்கு மொத அறுன்னு சண்ட போட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன். டீசல் எரியுதுங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் ஜெயிங்க!"

நான் மெஷின் டிரைவரைப் பார்த்து, "உள்ள போ தம்பி" என்றேன். மெஷின் என் நெல்லின் நடுவே ஒரு பட்டையை அறுத்துக்கொண்டு நேரே பின்னால் போனது. பாத்திரக்கடை வாழ்க்கையில் நான் ஜெயித்த பேரங்களிலேயே அதுதான் பெரியது. நஷ்டம் முழுக்க என்னுடையது.

ஜெயித்த சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. அப்புறம் கிழக்கே வானம் கறுத்தது. கண்ணுக்கு முன்னால் என் வயல் வழிக்கு இரண்டு பக்கமும் அறுக்காமல் கிடந்தது. கொடுப்பதற்கும் பேசுவதற்கும் இனி என்னிடம் எதுவும் இல்லை. ரோட்டோரம் சாய்ந்து கிடந்த சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்தேன். வாய் தானாக, "முடியல" என்றது.

சாயங்காலம் பெரியத்தான் நெல்லில் தேறிய பாதி அவர் களத்தில் குவிந்தது. மெஷின் ரோட்டுக்கு ஏறும்போது அவர் அன்சாரின் போனைப் பிடுங்கிக்கொண்டு நன்னிலத்துக்காரரிடம் பேசினார். ரோட்டோரத்தில் நின்ற எனக்கு அட்சரம் விடாமல் கேட்டது.

"ஐயா, நீங்க யாரோ எவரோ, எனக்குத் தெரியாது. ஒரு அர நாளு மெஷின விட்டுக் குடுங்க. என் தம்பி படுத்த படுக்கை. அவன் நெல்லு கெடக்குது... இல்லீங்க, கால்ல வேணும்னாலும் விழறேன்... ஐயா, ஐயா, வச்சிடாதீங்க..."

மதலைமுத்து ஒருவரிடம் கெஞ்சுகிறார்! இதைக் கேட்கத்தானே ஏழு மாதம் ஆசைப்பட்டேன். கேட்டாயிற்று. ஆனால் அவர் கெஞ்சியது என் நெல்லுக்காக. வாயில் போட்டால் இனிக்கவும் இல்லை, துப்பவும் முடியவில்லை.

நன்னிலத்துக்காரர் புண்ணியவான், மதியம் வரைக்கும் விட்டார். மெஷின் டிரைவர் ஓடிப்போய்விடாமல் இருக்கத் தன் வீட்டிலேயே சோறு போட்டுப் படுக்க வைத்துக்கொண்டார் பெரியத்தான். விடிந்ததும் மெஷின் என் வயலில் இறங்கியது. எங்கள் வீட்டு வாசலில் நெல் குவியத் தொடங்கியது. பாதி வயல் முடிந்த நேரத்தில் பெரியத்தான் கேட்டைத் திறந்துகொண்டு, தம்பி விழுந்த பிறகு முதல் தடவையாக, காலைக் கழுவாமலேயே உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். தம்பியின் கால்களைப் பார்த்தார், சட்டென்று சுவரைப் பார்த்தார்.

"ஈரம் எவ்வளவு இருக்கும்ண்ணே?" என்றார் ரெமிஜியஸ்.

"இருவதுக்கு மேல இருக்கும். ரெண்டு நாள் காயப் போடணும்."

"ஒன்னுது?"

"பாதி போச்சு."

நான் டீ டம்ளரை டங்கென்று ஸ்டூலில் வைத்தேன். இவ்வளவுதானா? ஏழு மாதத்தை ஈரப்பதத்தில் முடிக்கப் பார்க்கிறார்களா?

பெரியத்தான் டீயைத் தொடவில்லை. "அன்னைக்கு..." என்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்தியிருக்கணும்."

"விடுண்ணே" என்றார் என் கணவர்.

"விட முடியாது!" என்றேன். "எதை நிறுத்தியிருக்கணும்? முழுசா சொல்லட்டும். கோயில் வாசல்ல பத்துப் பேர் முன்னால முழுசாத்தான சொன்னாரு?"

ரெமிஜியஸ் கண்ணால் என்னை அடக்கப் பார்த்தார். நான் அடங்குகிறவளா? பெரியத்தான் தலையை ஆட்டிக்கொண்டார், நான் சொல்வது நியாயம் என்பதுபோல.

"சப்பரத்த ஒன் வாசல்ல நிறுத்தியிருக்கணும் ரெமி. நிறுத்தல. நீ கெடக்கறதப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வராததும் அதான். நாளைக்கு நான் இப்படிக் கெடந்தா எனக்கு யாருன்னு ஒரு பயம். நீ பாவி, அதான் ஒனக்கு வந்துச்சுன்னு சொல்லிட்டா எனக்கு வராது பாரு." கைலி முனையால் மூக்கைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல, அதே பத்துப் பேர் முன்னால இதையும் சொல்றேன். போதுமாம்மா?"

என்னிடம் ஏழு மாதத்துச் சரக்கு இருந்தது, ஒவ்வொன்றும் துலக்கி வைத்தது. அத்தனையும் அப்படியே தேங்கிப்போய்விட்டது. வாங்க ஆளில்லை.

"டீ ஆறுது" என்றேன்.

அப்போது வாசலில் அன்சார் கத்தினார். "அக்கா! தூறுது! நெல்லு, நெல்லு!"

"படுதா! மாட்டுக் கொட்டாயில இருக்கு!" என்று கட்டிலிலிருந்து ரெமிஜியஸ் கத்தினார். நான் ஓடினேன், பெரியத்தானும் ஓடி வந்தார். படுதாவின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். குவியலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பொட்டுப் பொட்டாக விழுந்த தூறல் படுதாவில் படபடத்தது. வயலில் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

முன்பல்லில் ஒன்று இல்லாத அந்தக் கிழட்டு முகம் மழையைப் பார்த்துச் சுளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பாசம் ஒன்றும் பொங்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த மூஞ்சியைப் பார்த்ததும் வயிறு இன்னமும் எரிந்தது. ஆண்டவரே, இந்த ஆளை மன்னிக்க என்னால் ஆகாது. ஆகிறவர் நீங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு, வெளியே கத்தினேன்.

"இழுத்துப் புடிங்க பெரியத்தான்! ஒங்க பக்கம் தொங்குது!"